விதையைவிட விலைக்காகவே நன்றி: சி. சுப்பிரமணியம் அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய சி.எஸ். ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் விவசாயி எழுதுகிறேன். 2000 நவம்பரில் மறைந்துவிட்ட உங்களுக்கு இது வந்து சேராது என்று தெரியும். ஆனாலும் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டுவிட்டு வந்த இந்த இரவில், உங்களிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடத் தோன்றுகிறது.

உங்கள் பெயரை எடுத்தாலே எல்லோரும், நீங்கள் மத்திய வேளாண் அமைச்சராக இருந்தபோது 1966-இல் மெக்சிகோவிலிருந்து வந்த 18,000 டன் கோதுமை விதையைத்தான் சொல்கிறார்கள். டெல்லியில் நீங்கள் குடியிருந்த அமைச்சர் பங்களாவின் புல்தரையைக் கொத்தி அதே கோதுமையை விதைத்ததையும் சொல்கிறார்கள். பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் உழவர் வீட்டில் பிறந்தவருக்கு, சட்டம் படித்து மந்திரியான பிறகும், பயிரைக் கண்ணால் காணாமல் எந்தச் சம்சாரியும் நம்பமாட்டான் என்பது மறக்கவில்லை. ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது வேறொன்றுக்காக.

1964 ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி உங்களை உருக்குத் துறையிலிருந்து எடுத்து உணவு, வேளாண்மைத் துறையில் அமர்த்தியபோது, நாடு அமெரிக்கத் தானியக் கப்பல்களை எதிர்பார்த்துக் காத்திருந்தது. நகரத்தில் தானியம் மலிவாகக் கிடைக்கவேண்டும் என்பதற்காக உழவனுக்குப் போகும் விலையை அழுத்தி வைப்பதே அன்றைக்குச் சரியான கொள்கையாகக் கருதப்பட்டது. விலை கட்டுப்படியானால்தான் அவன் புது விதையிலும் உரத்திலும் முதல் போடுவான் என்று, நிதித்துறையின் எதிர்ப்பையும் மீறி வாதாடியவர் நீங்கள். அந்த வாதத்தின் விளைவாக 1965 ஜனவரியில், விளைபொருளுக்கு விலை பரிந்துரைக்கும் வேளாண் விலைக் குழு வந்தது. அதே மாதம் 14-ஆம் தேதி, பொங்கல் வேளையில், தானியத்தைக் கொள்முதல் செய்யும் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அப்போது அதன் தலைமையகம் சென்னையில், முதல் மாவட்ட அலுவலகம் எங்கள் தஞ்சாவூரில்.

அதே 1965-இல் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் ஜி.இ.பி. 24 ரகத்தையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய ஆடுதுறை 27-ஐ வெளியிட்டது. ஏறத்தாழ 105 நாளில் அறுவடைக்கு வரும் அந்த நெல்லை என் தகப்பனார் அடுத்த குறுவையிலேயே நட்டார். விளைந்தது, ஆனால் முன்பணம் கொடுத்திருந்த வியாபாரி களத்துக்கே வந்து, கையில் அள்ளிப் பார்த்து, சொன்னதுதான் விலை. பின்னாளில் எங்கள் ஊருக்குக் கொள்முதல் நிலையம் வந்த வருடம், விலையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு நெல்லை வண்டியில் ஏற்றியதை, அவர் கடைசிக் காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு அரசியலில் கிடைத்த கூலிதான் எனக்கு இன்றும் மனம் ஆறாத ஒன்று. 1965-லும் 1966-லும் மழை பொய்த்தது; அரிசிக்கு வரிசையில் நின்ற தமிழ்நாடு 1967 தேர்தலில் உங்களைத் தோற்கடித்தது. இந்திப் பிரச்சினையில் 1965 பிப்ரவரியில் சக மத்திய அமைச்சர் ஓ.வி. அழகேசனோடு பதவி விலகல் கடிதம் கொடுத்ததுகூட உங்களுக்குக் கைகொடுக்கவில்லை. மறு ஆண்டில் கோதுமை வரலாறு காணாத அளவு விளைந்து, 1968 ஜூலையில் அதற்குச் சிறப்பு அஞ்சல்தலை வெளியிடப்பட்டபோது வேளாண் அமைச்சராக இருந்தவர் ஜகஜீவன் ராம். பிறகு நீங்கள் நிதியமைச்சரானீர்கள், 1998-இல் பாரத ரத்னாவும் பெற்றீர்கள். இருந்தாலும், விதைத்தவர் அறுவடைக்குக் களத்தில் இல்லையே என்ற குறை எனக்குத் தீரவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். நீங்கள் போராடிப் பெற்ற விலை வரப்போடு நின்றுவிட்டது. சேற்றில் இறங்கி நட்டவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் போய்ச் சேரவில்லை. விளைச்சல் பெருகிய இதே மண்ணில், கூலி உயர்வுக்காகப் போராடிய தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், 1968 டிசம்பர் 25 இரவில், கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். விதையையும் உரத்தையும் கணக்கிட்ட உங்கள் திட்டத்தில் கூலிக்கு ஒரு பத்தி எழுதப்பட்டிருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். குத்தகைக்கு உழுபவர்கள் இன்றும் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்களுக்காக அலைவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண்ணம் வருகிறது.

இந்த வருடம் எங்கள் நெல் பன்னிரண்டு நாள் சாலையோரத்தில் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஐப்பசி மழையோ விடவில்லை. பகலில் தார்ப்பாயை விலக்கிக் காலால் கிளறிவிடுவோம், தூறல் விழுந்ததும் இழுத்து மூடுவோம். ஒன்பதாம் நாள் குவியலுக்குள் கையை விட்டேன். அடுப்பங்கரைச் சாம்பல்போல வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே எடுத்த கைப்பிடியில் நாலைந்து நெல்மணிகள் வெள்ளையாய் மூக்கு விட்டிருந்தன. அரசு அறிவித்த விலை பலகையில் எழுதியிருக்க, எடைத் தராசு பத்தடி தூரத்தில் இருக்க, நெல் முளைத்துக்கொண்டிருந்தது. விலையை நிர்ணயித்தால் மட்டும் போதாது, வாங்குவதற்குக் கூரையும் சாக்கும் ஆளும் வேண்டும் என்று உங்கள் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எவரிடமாவது யாராவது வாதாடவேண்டும்.

பதின்மூன்றாம் நாள் 143 மூட்டை எடை ஏறியது. முளைவிட்டிருந்த 11 மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை வாங்க ஒரு வியாபாரி களத்துக்கே வந்தார். கையில் அள்ளிப் பார்த்து, ஒரு விலை சொன்னார். கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
வெண்ணாற்றங்கரை விவசாயி