கன்னத்தில் அடித்துக்கொண்ட பையனும் எங்கள் வேண்டுகோளும்

அன்புடையீர், வணக்கம்.

பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் தசைகள் சொன்னபடி இயங்காத நிலை) உள்ள பிள்ளைகளின் பெற்றோர் நாங்கள். அவர்களின் பல் பராமரிப்புக்கு உங்கள் உதவி கேட்டு எழுதுகிறோம். எங்கள் குழுவில் இருக்கும் ஒரு தாயின் ஏழு வயது மகன், ஸ்பூனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தான். ராத்திரியில் இடது கன்னத்தில் தானே அடித்துக்கொண்டான். கை கால் முன்னைவிட விறைத்தது. அடம் என்றார் ஒருவர். வலிப்பு மாத்திரையை மாற்றிப் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். இரண்டு வாரம் கழித்துத்தான் யாரோ வாயைத் திறந்து பார்த்தார்கள். கடைவாய்ப்பல்லில் வேர்வரை சொத்தை.

பெருமூளை வாதம் பல்லை நேராகக் கெடுப்பதில்லை. நாக்கும் கன்னமும் சொன்னபடி கேட்காததால், மசித்த சாப்பாடு ஈறோரமாக மணிக்கணக்கில் தங்கிவிடும். இனிப்பான மருந்து சிரப்புகள் வேறு. இரைப்பை அமிலம் மேலேறி, பல்லின் கடினமான மேலுறையான எனாமலைக் கரைக்கும். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். மூக்கிலோ வயிற்றிலோ குழாய் வழியாகச் சாப்பிடும் பிள்ளைக்குப் பல் தேய்ப்பதே தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள், நாங்களும் நினைத்தோம். உண்மையில் அவர்களுக்குத்தான் காரை (பல்லில் இறுகிப்போகும் அழுக்கு) அதிகம் படியும். அந்தக் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரலாம்.

சரி, தேய்த்துவிட்டால் போயிற்று என்பீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்துத் தேய்த்தால் புரையேறும். சற்றுச் சாய்த்து உட்காரவைத்து, பின்னால் நின்று, தலையை நம் மார்போடு அணைத்து, தாடையை ஒரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். பிரஷ் பட்டதும் பல் கிட்டிக்கொள்ளும். அது அனிச்சையாக நடப்பது, பிள்ளையின் அடம் இல்லை. இழுத்தால் இன்னும் இறுகும், பொறுத்திருந்தால் தளரும். ஃபுளோரைடு பேஸ்ட் மூன்று வயதுவரை அரிசி அளவு, அப்புறம் பட்டாணி அளவு போதும். இதைப் படிக்க ஒரு நிமிடம். கைக்குப் பழக ஐந்தாறு தடவையாவது யாராவது கூட நின்று காட்ட வேண்டும்.

உங்கள் நன்கொடையில் பெரும்பங்கு அந்த 'கூட நிற்பதற்கே' போகும்: பயிற்சி பெற்ற பல் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து கற்றுத்தருவார். மீதியில் மூன்று பக்கமும் ஒரே சமயத்தில் தேய்க்கும் பிரஷ், துப்பத் தெரியாதவர்களுக்கு எச்சிலை உறிஞ்சும் பிரஷ், மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை, சொத்தையைத் தடுக்கப் பல்லின் மேல் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ். மிச்சமிருந்தால், சக்கர நாற்காலியை அப்படியே பின்னுக்குச் சாய்க்கும் மேடை ஒன்று எல்லோருக்கும் பொதுவாக வாங்க ஆசை. வளர்ந்த பையனைப் பல் மருத்துவர் நாற்காலிக்குத் தூக்கி மாற்றும் அம்மாக்களின் இடுப்புவலி தனிக்கதை.

சொத்தை முற்றிய பிறகு இந்தப் பிள்ளைகளில் பலருக்கு முழு மயக்கம் கொடுத்துத்தான் பல்லைத் தொட முடிகிறது. அதற்கான செலவும் பயமும் பெரிது. அதற்கு முன்னாலேயே உங்களிடம் கேட்டுவிடுகிறோம்.

பிள்ளைகளின் படத்தைப் போட்டுக் கேட்க எங்களுக்கு மனமில்லை. சிறு தொகையானாலும் ரசீது உண்டு. வரவு செலவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்களுக்கு வரும். பணம் தர இயலாத பல் மருத்துவர்கள் மாதம் அரை நாள் தந்தாலும் போதும். தேதி முடிந்த பேஸ்ட் மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஏற்கெனவே ஒரு பெட்டி நிறைய வந்திருக்கிறது.

இப்படிக்கு,
பெற்றோர் குழுவினர்