திருமயத்துக்குப் பஸ் விடும் பள்ளிகளுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு செட்டிநாட்டுச் சாலைகளில் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வரத் தொடங்கிவிடும். அவற்றில் பலவற்றின் நிகழ்ச்சி நிரல் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கிறது: சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி. எல்லாம் ஒரே நாளில்! விளைவு தெரிந்ததுதான். பஸ் திருமயம் வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. அங்குள்ள சிவன், பெருமாள் கோயில் இரண்டிலும் நடை சாத்தியாகிவிட்டது, கோட்டைப் பாறை தோசைக்கல்லாகக் காய்கிறது. பிள்ளைகள் மதில் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு பஸ் ஏறுகிறார்கள். ‘திருமயம் பார்த்தாயிற்று’ என்று கணக்கில் ஏறிவிடுகிறது.

ஒரு நாளில் திருமயமும் செட்டிநாட்டு வீடு ஒன்றும் பார்த்தால் போதும். அதற்கான நேரத்தையும் பஸ் கிளம்பும் மணியிலிருந்து கணக்குப் போடக் கூடாது. கோயில் நடை சாத்தும் மணியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

நண்பகல் 12 மணிக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை 4 ஆகிவிடும். கோட்டை தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. டிக்கெட் கவுண்டர் காலை 9 மணி வாக்கில்தான் திறக்கும். ஆகவே முதலில் கோயில்கள், பிறகு கோட்டை. எட்டு மணிக்குக் கோயில் வாசலில் நின்றால் ஒன்பதேகாலுக்குள் இரண்டு குடைவரைகளையும் (பாறையைக் குடைந்து செய்த கோயில்கள்) நிதானமாகப் பார்த்துவிடலாம். ஒன்பதரைக்குக் கோட்டையில் ஏறிப் பதினொன்றுக்குள் இறங்கிவிட்டால் உச்சி வெயிலில் பாறையில் நிற்கும் பேச்சே இல்லை. இதற்கு மதுரையிலிருந்து வருபவர்கள் ஐந்தரைக்கும், திருச்சியிலிருந்து வருபவர்கள் ஆறு மணிக்கும் கிளம்பியாக வேண்டும். காலைச் சிற்றுண்டியைப் பொட்டலமாகக் கட்டி எடுத்து வருவது நல்லது. வழியில் ஓட்டலில் ஐம்பது பேர் இறங்கினால் முக்கால் மணி நேரம் போய்விடும். அந்த முக்கால் மணிதான் பின்னால் கோட்டையில் வெயிலாகத் திரும்பி வருகிறது.

நாள் பார்ப்பதும் முக்கியம். மார்கழியில் நடை திறப்பது, சாத்துவது எல்லாம் மாறும். வைகுண்ட ஏகாதசியன்று பெருமாள் கோயிலுக்குள் பள்ளிக் கூட்டத்தை நுழைக்க நினைக்கவே வேண்டாம். தேய்பிறை அஷ்டமியன்று நெடுஞ்சாலையோரம் கோட்டை மதிலில் இருக்கும் கோட்டை பைரவர் சன்னதியில் கூட்டம் நெரியும். பஸ்ஸை நிறுத்தவே இடம் கிடைக்காது. மற்ற நாட்களிலும் அந்த வழியாகப் போகும் டிரைவர்கள் பைரவருக்கு ஒரு கும்பிடு போட நிறுத்துவார்கள். அதற்குப் பத்து நிமிடம் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், டிரைவரோடு வாக்குவாதம் வேண்டாம். ஆனால் பிள்ளைகளைச் சாலைப் பக்கம் இறக்கிவிடாதீர்கள். ஊருக்குள் கோயில் பக்கம் வந்து இறக்குவதே பாதுகாப்பு.

ஐம்பது பேர் வந்தால் இருபத்தைந்து இருபத்தைந்தாகப் பிரியுங்கள். ஒரே பாறையின் தென்புறத்தில் சத்தியகிரீசுவரருக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் கோயில். ஒரு குழு சிவன் கோயிலில் இருக்கும்போது மற்றது பெருமாள் கோயிலில் இருக்கட்டும். அரை மணியில் மாற்றிக்கொள்ளலாம். ஐம்பது பேரும் ஒன்றாகக் குடைவரைக்குள் நுழைந்தால் முன்வரிசைப் பத்துப் பேருக்குத்தான் ஏதாவது தெரியும். மற்றவர்கள் முன்னால் நிற்பவர் முதுகைப் பார்த்துவிட்டு வருவார்கள். விளக்கமெல்லாம் வெளி மண்டபத்தில் சொல்லிவிட வேண்டும். உள்ளே பேச்சில்லாமல் பார்க்க மட்டும் செய்யலாம். அர்ச்சகருக்கும் அது இடைஞ்சலாக இருக்காது. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும். வரிசையின் கடைசியில் வருவதற்கென்றே ஒரு ஆசிரியரைத் தனியாகச் சொல்லிவையுங்கள். எண்ணிக்கை குறைவது எப்போதும் வால் பக்கத்தில்தான்.

பெருமாள் கோயிலில் என்ன பார்ப்பது? 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய திருமெய்யம் இதுதான், மெய்யம் மருவி மயம் ஆனது. நின்ற கோலத்தில் சத்தியமூர்த்திப் பெருமாள், பாறையிலேயே குடைந்த கிடந்த கோலத்தில் திருமெய்யர். ‘திருவரங்கத்துப் பெருமாளை விடப் பெரியவர்’ என்று வழிகாட்டிகள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அளவைச் சொன்னால் பிள்ளைகள் ஒரு ‘ஆ!’ போடுவார்கள், அதோடு சரி. சுற்றியுள்ள சுவரில் ஒரு கதையே நடந்துகொண்டிருக்கிறது. மது, கைடபன் என்ற இரண்டு அசுரர்கள் ஆயுதத்தோடு வருகிறார்கள். பெருமாள் எழுந்திருக்கவில்லை, ஆதிசேடன் உமிழும் நச்சுத் தீயே அவர்களைத் துரத்துகிறது. காலடியில் பூதேவி. ‘அசுரர்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்’ என்று வாசலிலேயே ஒரு கேள்வியைக் கொடுத்து உள்ளே அனுப்பினால், அந்த இரண்டு நிமிடத்தில் அவர்கள் பார்ப்பது அதிகம்.

சிவன் கோயிலில் லிங்கத்துக்கு எதிர்ச் சுவரில் இருக்கும் பெரிய லிங்கோத்பவரை (லிங்கத்திலிருந்து வெளிப்படும் சிவன்) பலர் திரும்பியே பார்ப்பதில்லை. மூலவரை வணங்கிவிட்டு அப்படியே வெளியேறுவதால் வரும் பிழை இது. அதே குடைவரையில்தான் ‘பரிவாதினி’ என்ற சொல் பொறித்த இசைக் கல்வெட்டின் மிச்சமும் இருக்கிறது. பரிவாதினி என்பது ஒரு வகை வீணை. குடுமியான்மலையில் முழுதாகக் கிடைக்கும் இசைக் கல்வெட்டுக்கு இது உறவுக்காரர். பிற்காலத்தில் வேறொரு கல்வெட்டை வெட்டியதில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எழுத்தைத் தேட டார்ச் அடிக்கும்போது நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, பாறை வெளுத்துப்போகும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழுந்து வரி துலங்கும். கருவறைப் பக்கம் டார்ச்சைத் திருப்பக் கூடாது. எழுத்து தெரிய வேண்டும் என்று மாவு, சாக்பீஸ், எண்ணெய் எதையும் தடவ விடாதீர்கள். எண்ணெய் ஏறிய கல்லில் தூசி படிந்து அடுத்தவருக்கு அதுவும் தெரியாமல் போகும்.

விளக்கம் சொல்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. இந்தக் குடைவரைகளை இன்ன அரசர்தான் குடைந்தார் என்று அடித்துச் சொல்லாதீர்கள். பல்லவர், பாண்டியர், முத்தரையர் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பெருமாள் கோயில் கல்வெட்டில் முத்தரையர் தலைவர் சாத்தன் மாறனின் தாயார் பெரும்பிடுகு பெருந்தேவியின் பெயர் வருகிறது. யார் குடைந்தது என்பதைவிட, ஒரு கோயிலைப் புதுப்பித்த பெண்மணியின் பெயர் கல்லில் நிற்பது வகுப்பறைக்கு நல்ல பாடம். இரு கோயில்களுக்கும் இடையே நிலம், வருமானம் குறித்து மூண்ட வழக்கு 13-ஆம் நூற்றாண்டில் பேசித் தீர்க்கப்பட்டதற்கும் இங்கே கல்வெட்டுச் சான்று உண்டு. இரண்டையும் பிரிக்கும் மதிலின் முன் நின்று சொன்னால் சின்னப் பிள்ளைகளுக்கும் விளங்கும்.

இனிக் கோட்டை. ‘கட்டபொம்மன் கட்டிய கோட்டை’ என்று சொல்லும் வழிகாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். கட்டியது இராமநாதபுரம் சேதுபதி, ஆண்டு 1687. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799-இல். இடையில் நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இங்கே பதுங்கியிருந்தார் என்ற செவிவழிச் செய்தியால் ‘ஊமையன் கோட்டை’ என்ற பெயர் வழங்குகிறது. அதைச் செவிவழிச் செய்தி என்று சொல்லியே சொல்லலாம், சுவை ஒன்றும் குறையாது. ஏழு சுற்று மதில்கள் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று நிற்பவை நான்கு. விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்ததும் இந்தத் திருமயத்தில்தான். அவர் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ஏறுவதற்குப் பெரிய சிரமம் இல்லை, இருபது நிமிடம் போதும். தவறு நடப்பது செருப்பில். கோயிலுக்காகக் கழற்றிய செருப்பை பஸ்ஸிலேயே போட்டுவிட்டு வெறுங்காலோடு கோட்டைக்கு வந்துவிடுகிறார்கள். பத்தரைக்கு மேல் இறங்கும்போது பாறை சுட்டு, பிள்ளைகள் நிழல் தேடி ஓடுகிறார்கள், ஓட்டத்தில் விழுகிறார்கள். வகுப்புக்கு ஒரு சாக்குப் பை கொண்டுவந்து செருப்புகளை அதில் போட்டு, கோட்டை வாசலில் திருப்பிக் கொடுங்கள். வழுக்கும் பிளாஸ்டிக் செருப்பு ஆகாது. பின்னால் வார் வைத்தது நல்லது. மழை பெய்த மறுநாள், பனி விழுந்த காலை, பாசி பிடித்த இடங்கள் இவற்றில் பாறையின் குறுக்கே ஏற விடாமல் படி வழியிலேயே அழைத்துச் செல்லுங்கள்.

பாதி உயரத்தில் பாறையைக் குடைந்து ஒரு லிங்கம் இருக்கிறது. அதன் பீடமான ஆவுடையார் சதுர வடிவம். இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். ஏணியில் ஒரு நேரத்தில் ஒருவர், கீழே ஒரு ஆசிரியர், மேலே ஒரு ஆசிரியர். ஒருவர் ஏற அரை நிமிடம், இறங்க அரை நிமிடம் என்றாலும் ஐம்பது பேர் ஏறி இறங்க ஐம்பது நிமிடம் ஆகும் என்பதை யாரும் கணக்குப் போடுவதில்லை. ஆறாம் வகுப்புக்குக் கீழே என்றால் கீழே இருந்தே காட்டிவிட்டுப் போகலாம். உச்சிக் கொத்தளத்தில் பீரங்கி இருக்கிறது. அதன் மேல் ஏறிப் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. நிறுத்துங்கள். அங்கே காற்று அதிகம், தொப்பி பறக்கும். பறந்த தொப்பியைப் பிடிக்க விளிம்புக்கு ஓடுவதுதான் உண்மையான ஆபத்து. தொப்பிக்குக் கழுத்துக் கயிறு வேண்டும், இல்லையென்றால் கொத்தளத்தில் கழற்றி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தண்ணீர் தலைக்கு ஒரு லிட்டர். ஐம்பது பேருக்கு 20 லிட்டர் கேன் மூன்று பஸ்ஸில் இருக்கட்டும். ஆளுக்கொரு பாட்டிலில் நிரப்பி மேலே எடுத்துப் போகலாம். மேலே தண்ணீர் கிடைக்காது, நிழலும் சொற்பம். கழிப்பறைக்குக் கோட்டை ஏறுவதற்கு முன்பே போய்வரச் செய்ய வேண்டும். தொல்லியல் துறை நினைவிடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. உயர்நிலை வகுப்புகள் வந்தால் வயதுச் சான்றோடு பள்ளிக் கடிதமும் எடுத்து வாருங்கள், கவுண்டரில் நேரம் மிச்சம். டிரோன் பறக்கவிட முன் அனுமதி வேண்டும்.

பதினொன்றேகாலுக்கு பஸ் கிளம்பினால் கானாடுகாத்தானுக்குப் பன்னிரண்டுக்குள் போய்விடலாம். சாப்பாட்டை முதல் நாளே சொல்லிவையுங்கள். ஐம்பது இலை திடீரென்று போட எந்த மெஸ்ஸாலும் முடியாது. வீடுகளைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: அவை அருங்காட்சியகங்கள் அல்ல, புள்ளிகள் (ஒரே வீட்டு வழிவந்த தனித்தனிக் குடும்பங்கள்) பலருக்குப் பங்குள்ள குடும்பச் சொத்து. 1912-இல் கட்டிய கானாடுகாத்தான் அரண்மனையைப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். ஆத்தங்குடியில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடு இருக்கிறது. பள்ளிக் கூட்டத்துக்கு அதுவே தோது. முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு (அடுத்த முற்றம்), அடுப்படி என்று வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் நடத்திச் செல்லுங்கள். கல்யாணம் நடந்த இடம் எது, அரிசி வைத்த இடம் எது, பெண்கள் உட்கார்ந்த இடம் எது என்று கேட்டுக்கொண்டே போனால் வீடு தானாகப் புரியும். வெறுமனே ‘பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி’ என்று பட்டியல் படித்தால் விலைதான் மனதில் நிற்கும்.

பக்கத்திலேயே ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் வண்ணச் சிமெண்டுக் கல்) போடும் பட்டறை ஒன்றில் அரை மணி இருங்கள். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டம் செய்கிறார்கள். சூளை கிடையாது. சில நாள் தண்ணீரில் ஊற வைத்து எடுத்தால் கண்ணாடி விலகி, அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் இருக்கும். ஊறும் தொட்டிக்குள் கைவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தண்ணீர் தோலை அரிக்கும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. சிவன் கோயில் இசைக் கல்வெட்டுக்கு அருகிலும் பெருமாள் கோயில் குடைவரைக்கு வெளியிலும் தமிழில் ஒரு பலகை வைத்து, நடை சாத்தும் நேரத்தை பஸ் நிறுத்தும் இடத்திலேயே பெரிதாக எழுதிவைக்கச் சம்பந்தப்பட்ட துறையினர் ஏற்பாடு செய்ய வேண்டும். பலகை வரும் வரை, கிளம்புவதற்கு முதல் நாள் மாலை கோயிலுக்கு ஒரு போன் போட்டு மறுநாள் நடை நேரத்தைக் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரச் சுற்றுலா வழிகாட்டிகள் சிலர்