மீதியையும் பேச விடுங்கள்

மதிப்பிற்குரிய சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 15 அன்று நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லாரும் மேடையில்தான் இருந்தீர்கள். நீங்கள் பேச்சைப் பாதியில் நிறுத்திய பெண்ணின் ஆயா நான், அதாவது பாட்டி. முன்வரிசையில் இருந்தேன். 'உலகுக்கே வழிகாட்டும் நாடு நம் நாடு' என்று நீங்கள் கொடுத்த தலைப்பில்தான் என் பேத்தி பேசினாள். ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டுப் பாதியிலேயே மணி அடித்துவிட்டீர்கள். இப்போது நான் கேட்பது ஒன்றுதான்: மீதியையும் அவளைப் பேச விடுங்கள்.

எந்த இடத்தில் மணி அடித்தீர்கள் என்று நினைவிருக்கும். "1991-இல் அந்நியச் செலாவணி தீர்ந்துபோகிற நிலையில், நம் நாடு சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்திடமும் ஜப்பானிடமும் அடகு வைத்தது" என்றாள். உடனே மணி. நடுவர் ஐயா எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டு, "சுதந்திர தினத்தில் நாட்டைக் கேவலப்படுத்துகிறாயே, இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்று அதே மைக்கில் கேட்டார். பிள்ளை பதில் சொன்னாள். மைக் அவர் கையில் இருந்ததால் அது யாருக்கும் கேட்கவில்லை.

சரி, அதுகூடப் போகட்டும். கலந்துகொண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் சான்றிதழும் எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கொடுத்தீர்கள். அவள் பெயரும் எழுதித் தயாராக அடுக்கில் இருந்தது. வரிசைப்படி அடுத்தது தன் பெயர் என்று அவள் எழுந்து மேடைப் படி வரை போய்விட்டாள். அப்போது உங்களில் ஒருவர் அந்தச் சான்றிதழை உருவி, இரண்டாக மடித்து, தாம்பாளத்துக்கு அடியில் செருகிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அடுத்த பையன் ஏறுவதற்கு இவள் ஒதுங்கி வழிவிட்டாள். டிபன் பாக்ஸ் எங்கள் வீட்டில் வேண்டிய மட்டும் கிடக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையை ஊர் பார்க்கப் படியில் நிறுத்தியதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் கைப்பட எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. மணி அடித்த வரிக்கு அடுத்த வரியைச் சொல்கிறேன்: 2009-இல் இதே நாடு பன்னாட்டு நாணய நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை விலைகொடுத்து வாங்கியது. அடகு வைத்ததைக் கேட்டதும் கோபம் வந்தது, வாங்கியதைக் கேட்கப் பொறுமை இல்லை. கஷ்டம் வந்தால் கழுத்தில் கிடப்பதை வைத்துக் கடையைக் காப்பாற்றுவதும், கை ஓங்கியதும் மீட்பதும் நம் ஊரில் எந்த வீட்டில் நடக்கவில்லை? அதைச் சொல்வது எப்படிக் கேவலம் ஆகும்?

பர்மாவைப் பற்றி அவள் பேசியது தலைப்புக்குச் சம்பந்தம் இல்லை என்றும் சொன்னீர்களாம். செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டா! நம் செட்டியார்கள் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்குக் கடன் கொடுத்துத் தொழில் செய்ய, போன 1930-களில் உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. (நாம் அங்கே பண்ணியதெல்லாம் புண்ணியம் என்று நான் சொல்ல மாட்டேன். உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் கட்ட முடியாத குடியானவர்களின் வயல்கள் கைமாறி, 1938-க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் நம்மவர்கள் பெயரில் இருந்தது.) எங்கள் அப்பச்சி 1942-இல் ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி நடந்தே வந்தவர். 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. உலகத்தில் யாரிடமும் கற்க ஒன்றுமில்லை என்பதுபோல், 'பர்மிய வழிச் சோசலிசம்' என்று கதவைச் சாத்திக்கொண்டது. வங்கியையும் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது. 1987-இல் அதே நாடு, மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் எங்களையும் சேருங்கள் என்று ஐ.நா.வின் வாசலில் நின்றது. தன்னை ஒப்பற்றது என்று நினைக்கும் நாடு கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிடும் என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான உதாரணம் எங்கே கிடைக்கும்? முப்பது வருஷம் வரலாறு நடத்தியவள் நான், எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது.

அவள் எல்லாம் பாழாய்ப் போய்விட்டது என்று பேசவும் இல்லை. வெள்ளைக்காரன் காலமே தேவலை என்று முகப்பில் சாய்ந்துகொண்டு பேசுகிறவர்களுக்கும் தாளில் பதில் இருக்கிறது. 1951 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர், 2011-இல் 74 பேர். அதையும் நீங்கள் கேட்கவில்லை.

எல்லாமே நம்முடையதுதான் உசத்தி என்று நீங்கள் கைதட்டிய மண்டபத்தையாவது ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். தூண் பர்மாத் தேக்கு, தரை இத்தாலிச் சலவைக்கல், சுவரில் பெல்ஜியம் கண்ணாடி. தேசப்பற்று முழங்கிய நடுவரின் மகனோ அமெரிக்காவில் குடியுரிமைக்குக் காத்திருக்கிறார், நல்லது, நன்றாக இருக்கட்டும். உலகமே பார்த்து வியக்கும் ஊர் என்று மேடையில் சொன்னீர்கள். 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டுக் கிராமங்கள் இடம்பெற்றன என்பதும் உண்மைதான். ஆனால் வீட்டைப் பிரித்து, நிலை, கதவு, தூண் என்று தனித்தனியாக எடை போட்டு விற்கிறோமே, அதைக் குழுவில் யாராவது பேசினீர்களா? ஊருணியில் குப்பை மிதக்கிறது. அதற்கு ஒரு மணி அடிக்க ஆளில்லை.

எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பரிசு வேண்டாம், மதிப்பெண்ணை மாற்றவும் வேண்டாம். அவள் சொல்வது தப்பு என்றால் முழுவதையும் கேட்டுவிட்டு, எது தப்பு என்று மேடையிலேயே சொல்லுங்கள், அவள் கேட்டுக்கொள்வாள். அக்டோபர் 2 விழாவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, மீதியையும் அவளைப் பேச விடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதிலைக் கடிதமாக எழுதிச் சிரமப்பட வேண்டாம். செயலாளர் தம்பி தினமும் காலையில் எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறார், என்னிடமே சொல்லட்டும்.

இப்படிக்கு,
அந்தப் பெண்ணின் ஆயா