ஜங்ஹ்வான் கட்சிக்கும் தேக் கட்சிக்கும் ஒரு மடல்

இரு கட்சிக்காரர்களுக்கும் வணக்கம்.

'ரிப்ளை 1988' என்ற கொரியத் தொடரின் 20ஆவது அத்தியாயம் ஒளிபரப்பானது 2016 ஜனவரி 16 அன்று. ஒரே சந்தில் வளர்ந்த நண்பர்களான ஜங்ஹ்வான், தேக் இருவரில் நாயகி தொக்சனின் கணவன் யார் என்ற கேள்விக்கு அதற்குள் பதில் கிடைத்துவிட்டது. உங்கள் வழக்கு மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை. யாராவது புதிதாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன் என்று சொன்னால் போதும், "நீ எந்தக் கட்சி?" என்றுதான் முதலில் கேட்கிறீர்கள்.

நானும் முதல் தடவை ஜங்ஹ்வான் கட்சிதான். உங்களைக் குறை சொல்லவும் முடியாது. புதிரைப் போட்டதே எழுத்தாளர் லீ ஊ-ஜங்கும் இயக்குநர் ஷின் வொன்-ஹோவும்தான். முந்தைய 'ரிப்ளை 1997', 'ரிப்ளை 1994' தொடர்களிலும் இதே கணவன் புதிர்தான். கொரியாவில், ஜங்ஹ்வானாக நடித்தவரின் பெயரை வைத்து, 'எப்படியும் கணவன் ர்யு ஜுன்-யோல்தான்' என்பதைச் சுருக்கி 'ஓநாம்ர்யு' என்று ஒரு சொல்லே பிறந்தது. எதிர்த்தரப்புக்கு 'ஓநாம்தேக்'. ஆனால் இரண்டாம் தடவை பார்க்கும்போது விடை தெரியும் இல்லையா, அப்போதுதான் கண் மற்ற பக்கமெல்லாம் போனது.

தேக்கின் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். பதுக் என்ற பலகை ஆட்டத்தில் நாடே கொண்டாடுகிற பையன் ஒருநாள் தோற்றுத் திரும்புகிறான். சங்முன்-தோங் சந்தில் இருக்கும் பெரியவர்கள் அவன் காதில் விழாமல் குசுகுசுவென்று பேசுகிறார்கள். நண்பர்களோ நேராக அறைக்குள் நுழைந்து, தோற்றுவிட்டாயாமே என்று கிண்டல் செய்கிறார்கள். இந்த மாதிரி நேரத்தில் நாலு கெட்ட வார்த்தை பேச வேண்டும் என்று சொல்லியும் கொடுக்கிறார்கள். பழக்கமில்லாத வாயால் அவன் ஒன்றைத் தட்டுத்தடுமாறிச் சொல்ல, அறையே சிரிக்கிறது. தேக்கும் சிரிக்கிறான். ஊரே பொத்திப் பொத்தி வைத்திருந்தவன் அந்த ஒரு நிமிடம் வெறும் 18 வயதுப் பையனாகிவிடுகிறான். அதைப் பார்த்து நான் அழுதேன். முதல் தடவை பார்த்தபோது அது என் மனதில் நிற்கவே இல்லை.

அப்புறம் தொக்சன். அக்காவுக்கும் தம்பிக்கும் பொரித்த முட்டை, நடுவில் பிறந்தவளுக்குக் கிடையாது. அக்காவின் பிறந்தநாள் கேக்கிலேயே அவள் பிறந்தநாளும் முடிந்துவிடும். அக்கா பெயர் போரா, தம்பி பெயர் நோவுல், எனக்கு மட்டும் ஏன் தொக்சன் என்று ஒருநாள் வெடித்து அழுகிறாள். அன்றிரவு அப்பா சந்தில் தனியாக ஒரு கேக்கோடு வந்து, நானும் அப்பாவாக இருப்பது இதுதான் முதல் தடவை என்று மன்னிப்புக் கேட்கிறார். சியோல் ஒலிம்பிக்கில் மடகாஸ்கர் அணியின் பெயர்ப்பலகையைத் தூக்க அவள் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்க, அந்த நாடே கடைசியில் விலகிவிடுகிறது. எப்போதும் யாராவது தன்னைத் தேர்ந்தெடுக்க மாட்டார்களா என்று காத்திருக்கிறவள் அவள். அதனால்தான் சந்தின் இன்னொரு நண்பன் சன்வூவுக்கு உன்னைப் பிடிக்கும் என்று தோழிகள் சொன்னதும் மனம் அங்கே போகிறது. ஜங்ஹ்வான் விஷயத்திலும் அதேதான்.

இதை உடைத்தவன் அதே நண்பர் கூட்டத்து டோங்ரியோங். அம்மா காப்பீடு விற்பதில் ஓய்வில்லாதவர், அப்பா பள்ளியில் மாணவர்களை நடுங்கவைக்கும் ஆசிரியர். உங்களில் ஒருவரும் அவனுக்குக் கட்சி கட்டவில்லை. அவன்தான் அவளிடம் கேட்கிறான்: உன்னை யாருக்குப் பிடிக்கும் என்பதை விடு, உனக்கு யாரைப் பிடிக்கும்?

நீங்கள் இத்தனை வருடமாகப் போடுகிற சண்டையில் இந்தக் கேள்வி ஒரு தடவையாவது வந்திருக்கிறதா? அவளைத் தேடிப் போகும் வழியில் சிவப்பு விளக்கில் நின்ற ஜங்ஹ்வானின் காரைப் பற்றியும் உணவக மேசையில் அவன் விட்டுப்போன மோதிரத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறீர்கள். அவளுக்காக ஆட்டத்தையே விட்டுவிட்டு வந்த தேக்கைப் பற்றியும் அப்படித்தான். எவனுக்கு அவள் கிடைத்திருக்க வேண்டும் என்றே எல்லோரும் வாதாடுகிறீர்கள். அவளுக்கு யாரைப் பிடித்தது என்று கேட்க டோங்ரியோங் ஒருவனுக்குத்தான் தோன்றியது.

கடைசி அத்தியாயத்தில் காலியாகிப்போன சந்துக்கு வந்து தேக்கின் அறைக் கதவைத் திறக்கிறாளே, உள்ளே நாலு பேரும் பழைய வயதில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு பேரும்.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது முதல் அத்தியாயம் பார்த்துவிட்டேன் என்று வந்தால், கட்சி கேட்காதீர்கள். முட்டை சீன் வந்ததா என்று கேளுங்கள்.

அன்புடன்,
முன்னாள் ஜங்ஹ்வான் கட்சிக்காரி