சனிக்கிழமைகளை யாருக்குக் கொடுப்பது

அன்புள்ள மகளுக்கு,

நீ பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து போனில் அடுக்கிக்கொண்டு போனதைக் கேட்க எனக்குத் தலை சுற்றியது. தமிழ்ச் சங்கம், இந்து மாணவர் சங்கம், லியோ கழகம், றோட்டரக்ட், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, ஹந்தானை மலையேறும் கூட்டம், இரத்ததான முகாம், அதற்கு மேலே கலஹாப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு. எல்லாவற்றுக்கும் பெயரைக் கொடுத்துவிட்டு எதில் நிற்கட்டும் என்று கேட்கிறாய். போனில் பதில் சொன்னால் "ஓமம்மா, ஓமம்மா" என்றுவிட்டு வைத்துவிடுவாய். எழுதி அனுப்பினால் இரண்டாம் தரமும் வாசிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அம்மம்மாவுக்கு இதில் ஒன்றும் பிடிக்கவில்லை. "படிக்கப் போன பிள்ளைக்கு ஏன் ஊர் வேலை?" என்கிறா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ இங்கே எப்படி வளர்ந்தாய் என்று எனக்குத்தானே தெரியும். விடியற்காலையில் ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் இன்னொரு ரியூசன், இரவில் கொப்பி. உயர்தரம் முடியும் வரைக்கும் உன் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு காரியத்தைத் தொடங்கி முடிக்க உனக்கு நேரமே கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அநேகப் பிள்ளைகளின் கதை இதுதான். பரீட்சைக்கு வெளியே நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்ய உனக்கு இப்போதுதான் வாய்ப்பு வந்திருக்கிறது, அதை விடாதே. விரிவுரைகளுக்கு 80 வீத வரவு கேட்பார்கள், அதில் கை வைக்காதே. செயன்முறை வகுப்பை எதற்காகவும் தவறவிடாதே. மிச்ச நேரத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

ஒரு கழகத்தில் சேர முதல் ஒன்றை யோசி. இந்தக் கிழமை நீ போகாவிட்டால் அங்கே யாராவது உன்னைத் தேடுவார்களா? ஒரு குழந்தையோ, நோயாளியோ, பயந்துகொண்டு வந்த முதலாம் வருடப் பிள்ளையோ, யாராவது ஒரு ஆள். அப்படி ஒருவர் இருக்கிற இடத்தில் நில். மற்ற இடங்களுக்கு ஆசை வந்தால் போய் வா. ரீசேட் அடித்து, பதாகை பிடித்து, படம் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த மாதம் வேறொரு ஊருக்குப் போகிற வேலைகளும் இருக்கின்றன. அவற்றாலும் கொஞ்ச நன்மை உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் உன் சனிக்கிழமை முழுவதையும் அதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் வீடுகளை விட்டு எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்த கதையை நீ பலமுறை கேட்டிருக்கிறாய். அதற்குப் பிறகு நடந்ததை நான் உனக்கு அதிகம் சொல்லவில்லை. நாங்கள் மீசாலையில் ஒரு தெரிந்தவரின் வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். நான் உயர்தரம் எடுக்க வேண்டிய வயது. புத்தகங்களில் பாதி வீட்டிலேயே கிடந்தது. பரீட்சை நடக்குமா, நடந்தால் எங்கே நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்போது யாழ்ப்பாணக் கம்பஸில் கணிதம் படித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணா, அவரும் இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்தவர், பின்னேரங்களில் சைக்கிளில் வந்து எங்களுக்குப் படிப்பிக்கத் தொடங்கினார். அந்த வளவில் பெரிய மாமரம் ஒன்று நின்றது. அதன் கீழே ஒரு பழைய கதவைச் சாத்தி வைத்து, அடுப்புக் கரியால் எழுதுவார். வகையீடு முழுவதையும் அந்தக் கதவில்தான் படித்தேன். எழுதி முடிந்ததும் ஈரத் துணியால் துடைக்க, கரித் தண்ணீர் வழிந்து அவருடைய சாரமெல்லாம் கறுப்பாகும். இருட்டிவிட்டால் ஜாம்போத்தல் விளக்கு. பொருளாதாரத் தடைக் காலம், மண்ணெண்ணெய் பொன்னுக்குச் சமம். அதனால் கணக்கை விளக்கு வெளிச்சத்தில் எழுதி, விடையை இருட்டில் வாயால் சொல்லுவோம்.

அந்த வருடம் மழை விடவில்லை. ஒழுங்கையெல்லாம் சேறு. அவர் வராத நாட்கள் மிகக் குறைவு. கொட்டில் வாழ்க்கையில் எல்லா நாளும் ஒரே மாதிரித்தான் போகும். அவருடைய சைக்கிள் மணி கேட்டால்தான் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது, நானும் ஒரு மாணவி என்ற நினைப்பு வரும். சில நாட்கள் அவரே பாடத்தை மறந்துவிட்டு எங்களோடு சேர்ந்து புத்தகத்தைப் புரட்டுவார். அவர் பெரிய கெட்டிக்கார ஆசிரியர் என்று நான் சொல்லமாட்டேன். வருவேன் என்று சொன்னால் வருவார். நான் பிறகு திருநெல்வேலியில் இருக்கிற அந்த யாழ்ப்பாணக் கம்பஸுக்குள் மாணவியாகப் போனதும், இன்று கணித ஆசிரியையாக இருப்பதும் அந்த மாமரத்தடியில் தொடங்கியது. அவருக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

ஆகவே என்னைக் கேட்டால், கலஹா வகுப்பை எடு.

ஆனால் அங்கே போக முதல் சில விடயங்களைத் தெரிந்துகொண்டு போ. உன் கம்பஸிலிருந்து கொஞ்சத் தூரம் மலையேறினால் வருகிற லூல்கந்துர தோட்டத்தில்தான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டார். அந்த மலைகளில் கொழுந்து பறித்து இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் உனக்கு முன்னால் இருக்கப் போகிறார்கள். 1948இல் ஒரு சட்டத்தால் அவர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கினார்கள். கடைசியாக எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொன்றையும் நீ என் வாயால் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்து வசதியான வீடுகளில் மலையகத்துச் சின்னப் பிள்ளைகளை வேலைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பாத்திரம் மினுக்கிய பிள்ளைகள் அவர்கள். நான் சின்ன வயதில் கண்ணால் கண்டது இது. நம் ஊர் அவர்களுக்குப் பட்ட கடன் அது. நீ அங்கே உதவி செய்ய வந்த பெரிய இடத்துப் பிள்ளையாகப் போய் நிற்கக் கூடாது. அவர்கள் இருக்கிற வரிசை வீட்டில், லயத்தில், தேத்தண்ணி தந்தால் இருந்து குடி. அவர்கள் பேசுகிற தமிழைத் திருத்தப் போகாதே. உன் யாழ்ப்பாணத் தமிழ் அவர்களுக்கு விளங்காவிட்டால் நீ மெதுவாகப் பேசு.

படிப்பிக்கிற விதம் பற்றிக் கேட்டாயே. இதில் எனக்கு நிறையச் சொல்ல ஆசை, ஆனால் ஒன்றிரண்டு போதும். முதல் நாள் பாடம் நடத்தாதே. ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி ஒரு கழித்தல் கணக்கும் ஒரு பத்தி வாசிப்பும் கொடுத்துப் பார். ஏழாம் ஆண்டில் இருக்கிற பிள்ளைக்கு கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் அட்சரகணிதம் தொடங்கினால் அந்தப் பிள்ளை வருடம் முழுவதும் தலையாட்டிக்கொண்டே இருக்கும். பின்னத்துக்கு வீட்டு ரொட்டியை எடு. ஒரு ரொட்டியை நாலாகவும் இன்னொன்றை எட்டாகவும் பிய்த்து, எந்தத் துண்டு வேண்டும் என்று கேள். எட்டு பெரிய எண், ஆனால் எட்டிலொன்று சின்னத் துண்டு என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். என் வகுப்பிலும் அதைத்தான் செய்கிறேன், பாண் துண்டை வைத்து. அப்புறம், யார் யார் வந்தார்கள், யாருக்கு எது விளங்கவில்லை என்று ஒரு கொப்பியில் எழுதி வை. உனக்குப் பரீட்சை வருகிற கிழமையில் வேறொரு பிள்ளை போய் நின்றாலும் வகுப்பு அறுந்துபோகாது.

மழைக் காலத்தில் அங்கே அட்டை ஏறும். காலுறைக்கு வெளியே சவர்க்காரம் பூசிக்கொண்டு போ. கையில் உப்புப் பொட்டலமும் இருக்கட்டும்.

இரத்ததான முகாமைப் பற்றி அப்பா கவலைப்படுகிறார். கவலைக்கு இடமில்லை, உன்னிடம் அவர்கள் இரத்தம் எடுக்கவே மாட்டார்கள். 18 வயது கடந்திருக்க வேண்டும், நிறை 50 கிலோவாவது இருக்க வேண்டும். நீ விடுமுறைக்கு வந்தபோது நிறுத்துப் பார்த்தோமே, அந்த நிறைக்கு ஆகாது. ஆனால் மேசையில் இருந்து பதிவு செய்யலாம். கொடுத்து முடித்தவர்களை எழும்ப விடாமல் கொஞ்ச நேரம் இருத்தி, குடிக்கக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒருமுறை கொடுத்தவர் நாலு மாதம் கழித்துத்தான் திரும்பவும் கொடுக்கலாம். அவர்களுடைய விபரத்தை ஒழுங்காக எழுதி வைத்து அடுத்த முகாமுக்குக் கூப்பிடுகிற ஆள் இல்லாவிட்டால் வந்தவர்கள் அப்படியே போய்விடுவார்கள். இந்த நாட்டில் இரத்தத்தை விற்பதில்லை, வாங்குவதில்லை. முழுக்கத் தொண்டர்களை நம்பித்தான் இரத்த வங்கி நடக்கிறது. அதை நினைத்தால் பதிவு மேசையில் இருக்கிற வேலை சின்ன வேலையாகத் தெரியாது.

தமிழ்ச் சங்கத்தில் சேராமல் விட்டால் எனக்கே மனம் கேட்காது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் உன்னுடைய பேராதனையில் இருந்துகொண்டுதான், விடிய விடிய ஆடுகிற மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். ஊரில் ஒரு மூலையில் கிடந்த கலை என்று படித்தவர்கள் ஒதுக்கியதைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் காலில் சதங்கை கட்டி ஆடிக் காட்டினார்கள். அவர்தான் பிறகு இங்கே வந்து, 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். நீ ஆடத் தேவையில்லை. சங்கத்தின் மலருக்குக் கட்டுரை கேட்டு அலைவது, எழுத்துப் பிழை பார்ப்பது, விழா முடிந்து கதிரை அடுக்குவது, இவற்றுக்கு எப்போதும் ஆள் குறைவு. நான் எங்கள் கம்பஸின் கைலாசபதி கலையரங்கில் கதிரை அடுக்கியிருக்கிறேன். மேடையில் பேசியவர்களை விட, கடைசியில் என்னோடு நின்று கதிரை அடுக்கியவர்கள்தான் இன்றைக்கும் எனக்குச் சிநேகிதர்.

காசு விடயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். எந்தச் சங்கமானாலும் வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் காசு சேர்க்கச் சொன்னால், முதலில் பற்றுச்சீட்டுப் புத்தகம் எங்கே என்று கேள். சேர்ந்த காசு ஒருவருடைய சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது. வரவையும் செலவையும் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதி ஒட்ட வேண்டும். கனடாவில் இரவு வேலை செய்து மாமா அனுப்புகிற காசுக்கு அந்த மரியாதை கொடுக்க வேண்டும். உன்னைப் பொருளாளராக வரச் சொல்லிக் கேட்டால் ஓம் என்று சொல். கணக்குச் சுத்தமாக எழுதத் தெரிந்த பிள்ளை நீ.

சேவை என்ற பெயரில் உன்னை அதட்டி, முழங்காலில் இருத்தி, "இதைச் செய்தால்தான் எங்களில் ஒருத்தி" என்று யாராவது சொன்னால் அந்தக் கூட்டத்தை விட்டு வந்துவிடு. பகிடிவதையை ஏற்காத பிள்ளைகளைச் சங்கங்களில் சேர்க்காமல் ஒதுக்குகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம், சிறைத் தண்டனைக்குரியது. உன்னை ஒதுக்கினால் ஒதுக்கட்டும். அப்படி ஒதுக்கப்பட்ட இன்னொரு பிள்ளையைக் கண்டால் கன்ரீனில் பக்கத்தில் போய் இரு. அதற்குக் கழகம் தேவையில்லை.

சிங்களப் பிள்ளைகளோடு சிரமதானத்துக்குப் போனதாகச் சொன்னாய். அப்பா ஒன்றும் பேசவில்லை, ஆனால் இரவு என்னிடம் இரண்டு தரம் கேட்டார், "பிள்ளை என்னத்தில் கதைத்தவளாம்?" என்று. அவருக்கு அது சந்தோசம். எங்கள் காலத்தில் அந்த வயதுச் சிங்களப் பிள்ளைகளை நாங்கள் இராணுவச் சீருடையில்தான் கண்டோம். நீ அவர்களோடு மண்வெட்டி பிடித்துக் கான் வெட்டியிருக்கிறாய். உடைந்த சிங்களத்தில் கதை, பரவாயில்லை. அந்தப் பிள்ளைகள் தமிழ் கேட்டால் பொறுமையாகச் சொல்லிக் கொடு.

சரி, இப்போது வேலைக்கு வருகிறேன். வகுப்பில் எந்த ஆண்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு கணக்கு அனுப்பு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் கடந்தகால வினாத்தாள்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன, சாதாரண தரக் கணித வினாத்தாள்களும் இருக்கின்றன. ஆண்டு வாரியாகக் கட்டி, கண்டி பஸ்ஸில் வெள்ளிக்கிழமை இரவு போட்டுவிடுகிறேன். அதே பெட்டிக்குள் பருத்தித்துறை வடையும், புழுக்கொடியலும், உனக்கு மிளகாய்த்தூளும் வரும். வடையில் பாதி கலஹாவுக்கு. பஸ் விடியமுன்னம் கண்டிக்கு வந்துவிடும், தனியாகப் போய் எடுக்காதே, அறையில் இருக்கிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா