யாருடைய பங்கேற்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பாண்டி பஜார் நடைபாதை வளாகம் ‘மக்கள் பங்கேற்போடு உருவானது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தி.நகரில் இருப்பவள் நான். உங்கள் பத்திரிகையையும் அன்றிலிருந்து வாசிக்கிறேன். அதனாலேயே அந்த வரி மனதை நோகடித்துவிட்டது.

எங்கள் தெருவில் ஒருவரையும் கேட்கவில்லை. எங்களுக்காகக் கேட்கவும் ஆள் இல்லை. 2016 அக்டோபரில் கவுன்சிலர்கள் கொண்ட மாநகராட்சி மாமன்றத்தின் காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. வளாகம் திறந்ததோ 2019 நவம்பரில். அந்தத் தேர்தல் வரை அரசு நியமித்த தனி அதிகாரி ஆட்சி, வளாகத்தைக் கட்டிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தனியாக ஒரு கம்பெனி. கவுன்சிலர் இருந்தால் அவர் வீட்டு வாசலில் நின்று சண்டையாவது போட்டிருப்போம்.

நடைபாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாயங்காலம் பேத்தியோடு அங்கேதான் நடக்கிறேன். ஆனால் பஜாருக்குக் கிரானைட் பதித்த அதே ஊரில், 2021 நவம்பர் மழையில் தண்ணீர் எங்கள் கூடத்துக்குள் வந்து நின்றது. பழைய சாலையைச் சுரண்டாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் போட்டு, படியேறிப் போன வீட்டுக்குள் இப்போது படியிறங்கிப் போகிறோம். வாசலில் வடிகால் தோண்டிவிட்டு மாதக்கணக்கில் பலகைமேல் நடக்கவிட்டார்கள். கட்டி முடித்த பிறகு பார்த்தால், எங்கள் வீட்டுத் தண்ணீர் வெளியேறும் குழாய்க்கு மேலே இருக்கிறது வடிகாலின் வாய். மேஸ்திரியிடம் காட்டினேன், ‘பிளான்ல இப்படித்தான்மா இருக்கு’ என்றார்.

எங்கள் வீட்டில் வேலை செய்தவர் சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையில் இருந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் பஸ் மாறி மாறி வந்தார். சம்பளத்தில் பாதி பஸ்ஸுக்கே போகிறது என்று நின்றுவிட்டார். அவருடைய பங்கேற்பை யார் கேட்டது, ஐயா?

2022 நவம்பர் 1 அன்று, வார்டு மக்கள் கூடித் தங்கள் குறைகளைச் சொல்லும் பகுதி சபைகள் கூடின. இனி எங்களைக் கேட்பார்கள் என்று அன்று உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வார்டில் எப்போது கூடுகிறார்கள் என்பதே எங்களுக்குத் தெரிவதில்லை. முடிந்த பிறகு யாராவது சொன்னால்தான் உண்டு.

நகரப் பக்கத்தில் மின்தடை அறிவிப்பு போடுகிறீர்களே, அதன் கீழே பகுதி சபை கூடும் தேதி, நேரம், இடத்தையும் வார்டு வாரியாகக் கேட்டு வாங்கிப் போடுங்கள். இரண்டு நாள் முன்னதாக வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தியாகராய நகர், சென்னை-17