பாதிரியார் கை காட்டினால்...

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இதழில் தேர்தல் கணக்குப் போட்டிருந்த கட்டுரையில், நான்காம் பத்தியில், உங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தார்: "பாதிரியார் கை காட்டினால் போதும், கிறிஸ்தவர் ஓட்டு மொத்தமும் ஒரே பெட்டியில் விழுந்துவிடும்." ஆலயத்தில் திருப்பலி வழிபாடு முடிந்து வந்து காபியும் பேப்பருமாக உட்கார்ந்தவன், காபியை ஆறவிட்டு அந்த வரியை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "பெட்டி ஏது? இப்போது மெஷின்தானே?" என்று கேட்டுவிட்டு அவள் சமையலுக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பாதிரியாருடைய கை எவ்வளவு தூரம் நீளும் என்று நான் சொல்கிறேன். எங்கள் பங்கில், அதாவது எங்கள் ஆலயத்துக்கு உட்பட்ட சபையில், ஞாயிறு காலைத் தமிழ்த் திருப்பலியை ஆறு மணிக்கு வைப்பதா, ஆறரைக்கு வைப்பதா என்று பங்குப் பேரவை நான்கு மாதம் பேசியது. ஆறரை என்றால் அடுத்து வரும் கன்னடத் திருப்பலி தள்ளிப்போகும், அவர்கள் விடுவார்களா? பங்குத்தந்தை மூன்று முறை கூட்டம் போட்டார். ஒருமுறை சமோசாகூட வாங்கி வைத்தார். சமோசா தீர்ந்தது, சண்டை தீரவில்லை. இன்றும் ஆறு மணிதான். பாதிப் பேர் ஆறே காலுக்குத்தான் வருகிறார்கள். பெங்களூரு ஆலயங்களில் தமிழா கன்னடமா என்ற வழக்கு எத்தனை காலமாக நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. செய்தி போட்டவர்களே நீங்கள்தான். எந்த மொழியில் பாடுவது என்பதிலேயே ஒத்துப்போகாத நாங்கள் ஓட்டில் மட்டும் ஒத்துப்போகிறோமாம்.

2024 ஏப்ரல் 26 அன்று இங்கே மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. அதற்கு முந்தைய ஞாயிறு பங்குத்தந்தை அரசியல் பேசியது உண்மை. "அடையாள அட்டையை மறக்காதீர்கள், வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்" என்றார். அவ்வளவுதான் அவர் காட்டிய கை. எங்கள் வீட்டில் மூன்று ஓட்டு, மூன்றும் மூன்று பக்கம் போயின. மகன் யாருக்குப் போட்டான் என்று தெரிந்த பிறகு இரண்டு நாள் அவனோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதே தேர்தலில் திருச்சூரில் பாஜக வென்றபோது, அதில் கிறிஸ்தவர் ஓட்டும் உண்டு என்று எழுதியது உங்கள் பத்திரிகைதான். நாகாலாந்தில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் கிறிஸ்தவர்கள். அங்கே ஆளும் கூட்டணியில் இருப்பதும் அதே கட்சிதான். இதில் எது அந்த ஒரே பெட்டி?

கட்டுரையாளர் அத்தோடு விடவில்லை. போகிற போக்கில் "மதமாற்ற சக்திகள்" என்று ஒரு சொல்லையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். 1951 மக்கள்தொகைக் கணக்கில் இந்நாட்டில் கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம். 2011 கணக்கிலும் 2.3 சதவீதம். அறுபது ஆண்டு உழைத்தும் இம்மியும் நகராத ஒரு சக்தியைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல?

ஆனாலும் பயந்தார்கள். 2022-இல் கர்நாடகத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாறினால் அது கூட்டு மதமாற்றம். கணவனும் மனைவியும் சேர்ந்து மாறினாலே கூட்டம். அந்த ஆண்டு ஒரு மாலை எங்கள் வீட்டில் அன்பிய ஜெபம், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கர்கள் கூடிச் சொல்லும் ஜெபம். பதினொரு பேர், ஜெபமாலை, முடிந்ததும் சுண்டல். ஜெபமாலையில் மூன்றாவது தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருந்தபோது இரண்டு இளைஞர்கள் வாசலில் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். ஒருவனை எனக்குத் தெரியும், சிறுவனாக எங்கள் வாசலில் கிரிக்கெட் ஆடியவன். யாரையாவது மாற்றுகிறீர்களா என்று கேட்டான். "உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே மாறியவர்கள், தம்பி" என்று சொல்லி என் மனைவி சுண்டலை நீட்டினாள். வாங்கிக்கொண்டான், அதையும் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் அந்தச் சட்டத்தை விலக்கிக்கொள்ள அமைச்சரவை முடிவெடுத்தது. ஆனால் அன்றிலிருந்து ஜெபமாலை சொல்லும்போது எங்கள் வீட்டு ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது. பாட்டையும் தணித்துத்தான் பாடுகிறோம். சாத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கொள்ளுத்தாத்தா என்றதும் கோலார் தங்கவயல் நினைவு வந்துவிட்டது. வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்குச் சாம்பியன் ரீஃபில் சுரங்கத்துக்குள் வேலை. லைன் வீட்டில் ஒரு சுவர்தான் எங்களையும் பெரியப்பா வீட்டையும் பிரித்தது. பெரியப்பா குடும்பம் மாரியம்மனை விடவில்லை, நாங்கள் மாதாவை விடவில்லை. திருவிழாச் சாப்பாடு இரண்டு பக்கமும் போய்வரும். பெரியப்பா மகனுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. நியாயமாகக் கிடைத்தது, எனக்கு அதில் பொறாமை இல்லை. எனக்குக் கிடைக்கவில்லை. பட்டியல் சாதியினர் யார் என்று சொல்லும், 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, என் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் சாதி கரைந்துவிட்டது என்கிறது. கரையவில்லை ஐயா. பெங்களூருக்கு வேலைக்கு வந்து வீடு தேடியபோது, பூர்வீகம் எது, எந்தத் தெரு என்று சுற்றி வளைத்துக் கேட்டு, கடைசியில் வீடு காலியில்லை என்றவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. வீடு கிடைக்கும்வரை தங்கவயலிலிருந்து மாரிகுப்பம் ரயிலில்தான் போய்வந்தேன். இதில் என் சபையையும் விட்டுவைக்க மாட்டேன். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சாதிச் சுவர் கட்டியவர்கள் தமிழ்நாட்டில் எங்கள் ஆட்களிலும் உண்டு.

அந்த ஆணையில் 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கலாம் என்று 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சொன்னது. 2022-இல் மறுபடியும் ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள். பாதிரியார் கையசைப்பில் கொத்தாக விழும் ஓட்டு ஒன்று எங்களிடம் இருந்திருந்தால், ஒரே ஒரு பத்தியைத் திருத்த இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமா? இதை உங்கள் கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் கேக் வெட்ட வருகிறார்கள். எங்கள் மேய்ப்பர்களும் பல்லெல்லாம் தெரியப் பக்கத்தில் நிற்கிறார்கள். மூன்றாம் பத்தியைப் பற்றிக் கேக் வாயோடு யார் பேசுவது?

ஒரு பாதிரியார் ஒடுக்கப்பட்டவர்களுக்காகப் பேசினார். திருச்சி மாவட்டத்துக்காரர், இதே பெங்களூரில் பல ஆண்டுகள் பணியாற்றியவர், பிறகு ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமி. நடுக்க நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சு குழல் வேண்டும் என்று சிறையிலிருந்து நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது அவருக்கு. 2021 ஜூலை 5-இல் காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் இறந்தார். உங்கள் பத்திரிகையில் அதற்கு எட்டாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தி. எங்கள் ஆலயத்திலோ, மன்றாட்டில் அவர் பெயரைச் சொல்லலாமா என்று பேரவையில் யோசித்து, "இறந்த அனைத்து குருக்களுக்காகவும்" என்று மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பேரவையில் நானும் இருந்தேன்.

எழுத உட்கார்ந்த விஷயம் எங்கேயோ போய்விட்டது. கட்டுரைக்கு மறுப்புப் போடுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை; போட மாட்டீர்கள். கேட்பது மிகச் சிறியது. மூன்று ஆண்டுகளாகப் பார்க்கிறேன், புனித வெள்ளிக்கு மறுநாள் உங்கள் பெங்களூருப் பக்கத்தில் "புனித வெள்ளி கோலாகலக் கொண்டாட்டம்" என்றே தலைப்பு வருகிறது. அது ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நாள். அன்று திருப்பலி கிடையாது, பீடத்தில் துணிகூட இல்லாமல்தான் வழிபாடு தொடங்குகிறது, மணிக்குப் பதில் மரக்கட்டையைத்தான் தட்டுகிறோம். சிலுவையை முத்தமிட்டுவிட்டு, வாசலில் கொடுக்கும் கஞ்சியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறோம். சாவு வீட்டைக் கொண்டாட்டம் என்று எழுதுவீர்களா? அடுத்த முறை "அனுசரிப்பு" என்று போடச் சொல்லுங்கள். அதிலும் ஆறு எழுத்துத்தான், கோலாகலத்தை விட்டால் உங்களுக்கு இடமும் மிச்சமாகும்.

சந்தா டிசம்பர் வரை கட்டியிருக்கிறேன். நிறுத்தும் எண்ணம் இல்லை. குறுக்கெழுத்துப் புதிர் இல்லாமல் என் மனைவிக்குப் பொழுது போகாது.

பெயரை வெளியிட வேண்டாம். பேரவைக்கு மறுபடியும் போயாக வேண்டும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஒரு தங்கவயல்காரன்,
லிங்கராஜபுரம், பெங்களூரு.